பதின்மூன்று புளியங்கொட்டை

எனக்கு வயது அறுபத்தேழு. வளர்த்தது ஐந்து பேர். அதில் பெற்றது மூன்று. மற்ற இரண்டும் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் ஒரே வருடத்தில் போனபிறகு என் மடிக்கு வந்தவை. ஐந்தும் இன்றைக்குத் தம் காலில் நிற்கின்றன. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால், இந்த மெல்பர்ன் ஊரில் ஒருநாள் காலையில் ஒரு மனிதர் என் மகளுக்குப் போன் போட்டு, வழி தெரியாமல் ஒரு கிழவி சுற்றிக்கொண்டிருக்கிறாள், வந்து அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இந்த நோட்டு நிரம்ப இரண்டு மாதம் ஆயிற்று. அவசரம் ஒன்றுமில்லை. நடந்தது நடந்தபடி வரட்டும்.

வீட்டுக்காரர் காலமான வருடமே மகள் கவிதா என்னைக் காஞ்சிபுரத்திலிருந்து இங்கே அழைத்து வந்துவிட்டாள். ஆறு வருடம் ஆகிறது. ஊரில் கூழ் ஊற்றுகிற ஆடி மாதத்தில் இங்கே பல் கிட்டுகிற குளிர். சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறான். துணி காயப்போட எந்த மூலை என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் பிடித்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று, இரண்டு தெரு தள்ளியிருக்கிற மைதானத்தில் இருந்தது. சிவப்பு ரப்பர் போட்ட ஓட்டப் பாதை, எட்டுக் கோடு. காலையில் கிழவர், குமரிகள், குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு ஓடுகிற தாய்மார் எல்லாரும் வருவார்கள். அத்தனை பேரும் நடுப்புல்லை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். அத்தனை பேரும் இடமாக.

எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைகூட சுவாமியை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டுதான் சுற்றப் பழகும். தேர் நான்கு ராஜ வீதியையும் வலமாகத்தான் வரும். அரச மரத்தை வலமாகச் சுற்றுவோம், புது மருமகளுக்கு ஆரத்தியும் வலமாகத்தான். இடமாகச் சுற்றி நான் பார்த்தது இழவு வீட்டில். வாசலில் கிடத்தியிருந்த என் வீட்டுக்காரரை என் பெரிய மகன் இடமாகச் சுற்றி வந்தான். அந்தச் சுற்று இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அப்புறம் எப்படி நான் காலங்காலையில் குளித்துவிட்டு வந்து அந்தப் பக்கமாகக் காலெடுத்து வைப்பேன்? வைக்கவில்லை. கடைசிக் கோட்டில், ஓரமாக, வலமாகச் சுற்றினேன்.

நான் அங்கே போனது நடக்கத்தான். சர்க்கரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் பாதிச் சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். போய் நின்றபோது நெஞ்சு தறி அடிக்கிற மாதிரி அடித்தது. ஆனால் வாயில் சிரிப்பு. அதற்கு முன்னால் நான் ஓடியது பதினோரு வயதில். விடிகாலையில் எங்கள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தறிக்கு ஏற்றப்போகிற பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் அடியில் குனிந்து நான் ஓடுவேன். வயதுக்கு வருகிற பெண் ஓடினால் தெரு பார்க்கும் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அத்தோடு ஓட்டம் நின்றது. பிறகு முப்பது வருடம், வீட்டுக்காரர் தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை வாங்கினேன். கரைக்கு வேறு நிறம் வரவேண்டுமென்றால் இன்னொரு ஆள் உட்கார்ந்து, நூல் கொண்டுபோகிற தனி நாடா போட்டுக் கோர்க்க வேண்டும், அந்த ஆள் நான். உட்கார்ந்தே கழிந்த கால்கள். மழைக்கு ஓடிய அன்று அவை என்னிடம் கணக்குக் கேட்டன.

மறுநாளிலிருந்து ஓடப் பழகினேன். முதலில் பாதிச் சுற்றுக்கே மூச்சு வாங்கியது. எண்ணிக்கை மறந்துவிடும் என்பதால் புளியங்கொட்டை வைத்துக்கொண்டேன். இந்தியக் கடைப் புளியில் கோது எடுக்கும்போது ஒளிந்திருந்து கிடைத்தவை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்கு. முதல் மாதம் ஒரு கொட்டை. தீபாவளிக்கு நான்கு. வருடம் ஒருமுறை அங்கே யார் வேண்டுமானாலும் ஓடுகிற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் உண்டு, பன்னிரண்டரைச் சுற்று என்று பேத்தி நிலா சொன்னாள். அரைச் சுற்றா? பாதியில் விட்டுவிட்டு வருகிற பிரதட்சணம் எந்த ஊரில் உண்டு? நான் பதின்மூன்று ஓடுவேன் என்று முடிவு செய்து, பதின்மூன்று கொட்டையைச் சுவாமி படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் போட்டு வைத்தேன்.

ஆசை வந்தால் அறிவு போகும். நான்கிலிருந்து ஒரே வாரத்தில் எட்டுக்குத் தாவினேன். குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலிலிருந்து கால் வைத்தால் ஆணி குத்துகிற வலி. ஆறு வாரம் ஓட்டமில்லை. மறுபடி போனபோது ஒரு சுற்றுக்கே நாக்குத் தள்ளியது. எட்டு ஓடினவள் ஒன்றில் நிற்பது, ஒன்றுமே ஓடாதவள் ஒன்றில் நிற்பதைவிடக் கேவலமாக இருந்தது. பாவு கட்டும்போது அப்பா சொல்வார், "நெதானமா நட. முனையில எப்டி நடந்தியோ அதே நடைதான் கடைசி வரிக்கும். அவசரப்பட்டா இழை அறும்." அந்த நடையைத்தான் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு கொட்டை, அதற்கு மேல் கிடையாது. ஒன்பதுக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கிரெக் குறுக்கே வந்தார். மைதானத்து ஓட்டக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்து நடத்துகிற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, பனைமரம் மாதிரி ஒரு மனிதர். எனக்கு எதிரில் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஆர் யூ ஓகே?" என்றார். ஓகே என்றேன். "வேர் இஸ் ஹோம்?" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டுமல்லவா, "காஞ்சிபுரம்" என்றேன். அவர் சுற்றியிருந்த தெருக்களையெல்லாம் கைநீட்டிக் காட்டி மறுபடி கேட்டார். நானும் மறுபடி "காஞ்சிபுரம்" என்றேன். அடுத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார் போலிருக்கிறது. கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் முகம் இரக்கத்தில் குழைந்துவிட்டது. என் போன் உறைக்குள் கவிதா செருகி வைத்திருந்த நம்பருக்கு அடித்தார். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த கவிதா, காதில் மாட்டியதைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கை நீட்டினாள். "சாவியக் குடும்மா."

"எதுக்கு?"

"பின்னாடி தெரு மாமா கதை தெரியுமில்ல? வாக்கிங் போனவரு. மறுநா காலையில எங்கியோ ரயில் ஸ்டேஷன்ல குளிர்ல வெறச்சிக்கினு கெடந்தாரு. எனக்கு பயமா இருக்குதும்மா."

காதில் மாட்டியதை அவள் இன்னும் கழற்றவில்லை. அந்தப் பயத்துக்காகத்தான் சாவியைக் கொடுத்தேன், அவள் பேச்சுக்காக அல்ல. அன்றிலிருந்து நான் தனியாக வாசல் தாண்டக்கூடாது. ஐந்து பேரை வளர்த்தவளுக்கு வீட்டுச் சாவி இல்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஞாபகப் பரிசோதனையாம். அவருக்கும் எனக்கும் நடுவில், போனில் தமிழ் மாற்றிச் சொல்ல இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். குரல் மட்டும். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று டாக்டர் கேட்டார். தறிக்காரர் பெண்டாட்டியிடம் கழித்தல் கேட்கிறார். முடித்துவிட்டு, ஒரு காகிதத்தில் கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து காட்டச் சொன்னார். எழுத்துதான் எனக்குத் தகராறு, எண்ணெல்லாம் கைவந்தது. வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணையும் இழை பிசகாமல் அடுக்கி, இரண்டு முள்ளும் வைத்தேன். வைத்தபிறகு அதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

"இந்த முள்ளு எந்தப் பக்கமா சுத்துதுன்னு அவரக் கேளும்மா" என்றேன் போனைப் பார்த்து. "நானும் அந்தப் பக்கமாத்தான் சுத்தினேன். மைதானத்துல எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்ல ஓட்றாங்க. அவங்களயெல்லாம் கூப்புட்டு கடிகாரம் வரையச் சொன்னாங்களா?"

கவிதா "அம்மா" என்று பல்லைக் கடித்தாள். போனில் இருந்த பெண் முதலில் சிரித்தாள், பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் என் காகிதத்தை எடுத்து, விரலால் முள் போகிற பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உங்கள் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாவி வந்துவிடும் என்று நினைத்தேன். காரில் கவிதா சொன்னாள்: "சரிம்மா, உனக்கு மூள நல்லாத்தான் இருக்குது. அப்ப ஊரோட ஒத்துப் போ. எல்லாரும் போற மாதிரி போறேன்னு சொல்லு, சாவி தரேன். யாரும் போன் பண்ண மாட்டாங்க, எனக்கும் நிம்மதி."

"சாமி குத்தம்டி."

"ரப்பர் ரோட்டுல எந்தச் சாமிமா இருக்குது?"

"சுத்தறவ மனசுல இருக்குது. நம்ம ஊர்ல ஒரு நாய்கூட இப்பிடி எடமா சுத்தாது."

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் பின்னால் நான் விழுங்க வேண்டி வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாவி இல்லை. பின்கட்டில் புல்தரை நடுவே, விரித்த குடை மாதிரித் துணி காயப்போடுகிற இரும்புக் கம்பம் ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஓடினேன், வலமாக. ஐம்பது சுற்றுக்கு ஒரு கொட்டை. தலை சுற்றினால் நின்று, தெளிந்தால் ஓடுவேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நான் தோட்டையோ மோதிரத்தையோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணி, பாவம், உள்ளே வந்து அரைமணி நேரம் புல்லில் மண்டி போட்டுத் தேடினாள். என்ன தொலைந்தது என்று எனக்கு அவளிடம் சொல்லத் தெரியவில்லை. நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

எல்லா நாளும் வீராப்பாக இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனி மாதம் பத்து நாள் நான் எழுந்திருக்கவே இல்லை. மழை என்று சொன்னேன். மழை காரணமில்லை. கம்பத்தைச் சுற்றிச் சுற்றி எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று ஒரு சலிப்பு வந்துவிட்டது. பதினோராம் நாள் கிண்ணத்தில் ஒரு கொட்டை பூசணம் பூத்திருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைக்கும்போது, என்னை நானே கழுவுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கே மறுபடி தொடங்கினேன். கோடை வருவதற்குள் புல்லில் என் காலடி வட்டமாகப் பதிந்துவிட்டது. புல் போயிற்று என்று மருமகன் முணுமுணுத்தார். சாவி வந்தால் புல்லும் வரும் என்றேன்.

தை மாதம் பெரியவன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. காஞ்சிபுரம் போனேன். அங்கே சாவி கேட்க வேண்டியதில்லை, வாசல் திறந்தே கிடக்கும். விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு நான்கு ராஜ வீதியையும் தேர் வருகிற வழியில் வலமாக ஓடினேன். டீக்கடையிலிருந்து ஒருவன், "இன்னா ஆயா, நாய் தொரத்துதா?" என்றான். "தொரத்துனா ஒக்காந்துக்கினு இருக்கிற உன்னத்தான்டா மொதல்ல புடிக்கும்" என்றேன். பூக்காரி, "ஏம்மா, பஸ்ஸு போயிடுச்சா?" என்றாள். அவள் உண்மையாகவே கேட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மெல்பர்னில் என்னைப் பைத்தியம் என்றார்கள், இங்கே அவசரக்காரி என்றார்கள். ஒரு கிழவி சும்மா ஓடுவாள் என்று இரண்டு ஊருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோக்களும் மாடுகளும் குறுக்கே வந்ததில் மகன் பயந்துபோய், "மைதானத்துல ஓடேன்மா" என்று கொண்டுபோய் விட்டான். போலீஸ் தேர்வுக்குப் பழகுகிற பிள்ளைகள் முப்பது பேர் மண் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கோபுரம் தெரிந்தது. நான் நின்றேன். முப்பது பேரும் இடமாக ஓடினார்கள்.

நான் என் பக்கமாக நாலடி வைத்ததும் பழக்குகிறவர் விசில் ஊதினார். "எதிர்ல வராதம்மா, பசங்க மோதிடுவானுங்க."

"ஏம்பா எடமா சுத்தறீங்க?"

"ரூல்ஸும்மா. எல்லா ஊர்லயும் அப்பிடித்தான்."

"காஞ்சிபுரத்துலயுமா?"

"காஞ்சிபுரத்துக்கின்னு தனியா கால் இருக்குதாம்மா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு நாள் ஷூவைத் தொடவில்லை. நம்ம ஊரில் நாய்கூட என்று சொன்னேனே, அதை இனி நான்தான் விழுங்க வேண்டும். கவிதா போன் பண்ணினாள். "ஓட்றியாம்மா?" என்றாள். "ம்" என்றேன்.

மாகறலில் இருக்கிற தங்கை கனகு வந்து என்னைப் பிடித்து இழுத்துப் போனாள். அன்றைக்குப் பிரதோஷம். அந்த ஊர்ச் சிவன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. பிரதோஷத்தன்று சுற்றுகிற முறையே வேறு. நந்தியிடமிருந்து புறப்பட்டு, இடமாகவே போய்ச் சண்டிகேசுவரரைக் கும்பிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். பிறகு வலமாகப் போய், அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகி வரைக்கும் போய், அதைத் தாண்டாமல் மறுபடி திரும்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்கிறேன். அன்றைக்கும் கால் தானாகப் போயிற்று. சண்டிகேசுவரர் முன்னால் நின்றபோது கனகு என் விலாவில் இடித்தாள்.

"அக்கா, எப்பிடி வந்த நீ இங்க?"

"நடந்து."

"எந்தப் பக்கமா நடந்து? எடமா சுத்த மாட்டேன்னு பொண்ணாண்ட சண்ட போட்டுக்கினு சாவிய வுட்டுட்டு நிக்கிறியே, இப்ப மட்டும் எடமா வர."

"இது பிரதோஷம்டி."

"வெஷம் வந்தப்ப தேவருங்க பயந்துக்கினு அப்பிடியும் இப்பிடியும் ஓடினாங்களாமே, அதுக்குத்தான இந்தச் சுத்து. அவங்களும் ஓடினவங்கதான். நீ மட்டும் இன்னா பெரிய இவளா?"

கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நான் திரும்பி நடந்தேன். கனகு ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் ஜெயிக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

மெல்பர்ன் திரும்பிய அன்றே கவிதாவை உட்கார வைத்தேன். "நம்ம ஊர் மைதானத்துலயும் எடமாத்தான்டி ஓட்றாங்க. நான் சொன்னது தப்பு."

அவள் என்னையே பார்த்தாள். "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்கு எப்பிடித் தெரியப் போவுது?"

"பொய் சொல்லி ஜெயிச்சா அது எனக்கு எப்பிடிடி ஜெயிப்பு? ஊரு எடமா ஓடுனா ஓடட்டும். நான் வலமாத்தான் ஓடுவேன். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அவங்க பக்கமாவும் போவேன், சாமியே சொன்ன கணக்கு அது. சாவி குடுத்தா மைதானம், குடுக்கலன்னா கம்பம். புல்லு உன் இஷ்டம்."

கவிதா எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் முந்தானையில் அவளே முடிந்தாள். "போன எடுத்துக்கினு போ" என்றாள். அது மட்டும்தான் நிபந்தனை. அதை ஏற்றுக்கொண்டேன்.

கிரெக்கிடம் நிலாவை அழைத்துப் போய்ப் பேச வைத்தேன். அவள் என்ன சொன்னாளோ, அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். மறுநாள், ரோடு போடுகிறவர்கள் அணிகிற ஆரஞ்சுச் சட்டை ஒன்றைக் கொடுத்து, எட்டாவது கோட்டைக் காட்டினார். மோதாமல் இருந்தால் சரி. புடவைமேல் அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். எல்லாரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் ஒருத்திதான் அத்தனை முகத்தையும் பார்க்கிறேன். ஒரு சுற்றில் ஒவ்வொரு முகமும் இரண்டு தடவையாவது வரும். யாருக்கு மூட்டு வலி, யார் அழுதுகொண்டே ஓடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவர்களும் என்னைக் கண்டால் கை தூக்குகிறார்கள்.

வருடத்து ஓட்டத்தன்று நானும் ஓடினேன், என் கோட்டில், என் பக்கமாக. பரிசுக் கணக்கில் என்னைச் சேர்க்க முடியாது என்றார்கள். யார் கேட்டது? பத்தாவது சுற்றில் பழைய குதிகால் எட்டிப் பார்த்தது. முனையில் நடந்த நடையே கடைசி வரைக்கும் என்று அப்பா குரலைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டரையில் கிரெக் கடிகாரத்தை நிறுத்தி, கை தட்டி, முடிந்தது முடிந்தது என்று கையை ஆட்டினார். அவரைத் தாண்டிப் போனேன். அவர் பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார், எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்து. மீதி அரைச் சுற்றும் கூடவே ஓடி வந்தார், என் பக்கமாக, வலமாக. பதின்மூன்றாவது கொட்டையை இடது பையில் போட்டுவிட்டுத்தான் நின்றேன். ஒரு கொட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். மாத்திரை என்று நினைத்து வாயில் போடப் போனார். தடுத்துவிட்டேன்.

இப்போது பிரதோஷ நாட்களில் வேறு மாதிரி ஓடுகிறேன். கேட்டிலிருந்து புறப்பட்டு, அவர்கள் போகிற பக்கமாகவே தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்த் திரும்புவேன். கேட்டுக்கு வந்து, என் பக்கமாக முழு மைதானத்தையும் சுற்றி, அதே குழாய்த் தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால் வரைக்கும் போய், தாண்டாமல் திரும்புவேன். குழாய்க்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நாலடி ரப்பர் பாதை இருக்கிறது. அன்றைக்கு முழுக்க என் கால் படாத நாலடி. அந்தப் பக்கம் நிற்கும்போது இந்தப் பக்கம் தெரியும், இந்தப் பக்கம் நிற்கும்போது அந்தப் பக்கம் தெரியும். கனகு அங்கே மாகறலில் திரும்புகிற நேரம் வேறு, நான் இங்கே திரும்புகிற நேரம் வேறு. ஆனால் இருவரும் தண்ணீருக்கு முன்னால் நின்றுதான் திரும்புகிறோம். முந்தானையில் சாவி ஆடிக்கொண்டிருக்கும்.

நோட்டில் பக்கம் முடிந்துவிட்டது. நிலா, இங்கே வாம்மா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீயும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், சரியாகப் போய்விடும். முதலிலிருந்து மெதுவாகப் படித்துக் காட்டு. நிறுத்தாமல், கடைசி வரைக்கும் ஒரே நடையில்.